முதுகில் விழும் கற்கள்

தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர் சாலையில் பைக்கில் வரும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வருவது என் பழக்கம். ரியல் எஸ்டேட், பிரியாணி, பல் மருத்துவர், தண்ணீர் கேன், மறுபடியும் பிரியாணி. சில வருடங்களாக இவற்றுக்கு நடுவே ஒரு புது இனம் முளைத்திருக்கிறது. அபாகஸ், ஃபோனிக்ஸ், வேத கணிதம், ரூபிக்ஸ் கியூப். எல்லாம் முதல் மாடியில், கீழே மருந்துக் கடையோ மொபைல் கடையோ இருக்கும். பத்து வருடம் முன்பு நாடு முழுக்க இப்படிப்பட்ட மாடிகளில் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று ஒன்று நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் வாசிப்பார்கள். மூக்குக்கும் துணிக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாகத்தான் வாசிக்கிறார்கள் என்பதை நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மேடை மேடையாகக் காட்டினார்கள். அந்தப் பலகைகள் இறங்கிவிட்டன. இப்போது ஏறியிருக்கும் சொல், 'கவனப் பயிற்சி'.

என் அக்கா மகனுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. இங்கே அவனை வாண்டு என்று வைத்துக்கொள்வோம், வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உட்காருவதில்லை, அடுத்த பையன் பென்சிலை எடுக்கிறான், கேள்வி முடிவதற்குள் பதில் கத்துகிறான், பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போகிறான். மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஒரு மையத்தின் கார்டையும் கொடுத்து அனுப்பினார்கள். 40 அமர்வுகள், 36,000 ரூபாய். அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மாமா ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. அந்தத் தொகை அவர்களுக்கு ஒரு வருட வேன் ஃபீஸைவிட அதிகம்.

"நீ இன்ஜினியர்தானே, இதெல்லாம் நெஜமாவே வேல செய்யுமான்னு படிச்சுப் பாத்து சொல்லுடா" என்றாள்.

மூளைக்கும் என் டிகிரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு மென்பொருள் வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் பத்து வருடங்களாக என் சோறு. சரி என்றேன்.

இலவச டெமோ வகுப்புக்கு நானும் போனேன். வாண்டின் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். திரையில் ஒரு கார். கவனித்தால் கார் ஓடும், கவனம் சிதறினால் நிற்கும் என்றார்கள். சீனாவில் ஜின்ஹுவா என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி, வகுப்பு முழுக்க இப்படிப் பட்டை கட்டி உட்கார வைத்த வீடியோ 2019-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். வாண்டுக்கு அந்த அரசியல் எதுவும் தெரியாது. கார் ஓடியது, கத்தினான், கத்தியதும் நின்றது, பட்டையைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான்.

பிறகு ஒரு வரைபடம் காட்டினார்கள். போன வருடம் சேர்ந்த ஒரு பிள்ளை, முதல் வாரம் 32 மதிப்பெண், பன்னிரண்டாவது வாரம் 71. கோடு அழகாக ஏறியது. "இந்த மார்க் எதுல?" என்று கேட்டேன். அதே கார் விளையாட்டில்தான்.

எங்கள் தொழிலில் இது தெரிந்த வியாதி. சோதனைக் கேள்விகள் என்னவென்று தெரிந்தால், அந்தக் கேள்விகளில் மட்டும் தேறுகிற மாதிரி நிரலை எழுதிவிட முடியும். டாஷ்போர்டு பச்சையாக மின்னும். வாடிக்கையாளர் கையில் போனதும் விழும். 71 எடுத்த அந்தப் பிள்ளை வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கிறதா, வரிசையில் நிற்கிறதா, ரோட்டில் ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்கிறதா? அந்த வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

கவனத்தைப் பழக்க முடியாது என்று சொல்ல வரவில்லை. தமிழில் அதற்கென்று ஒரு கலையே இருந்தது. அவதானம். இப்போது கவனகம் என்கிறார்கள். நடுவில் அவதானி உட்கார்ந்திருப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார், ஒருவர் இடையிடையே மணியடிப்பார், பின்னால் ஒருவர் முதுகில் சின்னக் கற்களை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும். 'வினோத ரச மஞ்சரி' எழுதிய வீராசாமிச் செட்டியாருக்கு அட்டாவதானம் என்பது பெயரோடேயே ஒட்டிக்கொண்டது, எட்டைச் சமாளித்தவர். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் நூறு காரியங்களை இப்படிச் செய்து காட்டிச் சதாவதானி ஆனார்.

சின்ன வயதில் பாவலர் கதையைக் கேட்டபோது அவருக்கு மூளையே வேறு மாதிரி என்று நினைத்தேன். 1980-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு மாதிரி யோசிக்க வைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எஸ்.எஃப். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் ஒரு சாதாரண மாணவர். எண்களை வரிசையாகச் சொன்னால் முதலில் ஏழு எண் வரைதான் திருப்பிச் சொன்னார், நம்மைப் போலவே. ஒன்றரை வருடத்துக்கு மேல், சுமார் 230 மணி நேரம் பயிற்சி. முடிவில் 79 எண்கள். ஆள் ஓட்டப்பந்தய வீரர். வந்து விழும் எண்களையெல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கிக்கொண்டார். ஆராய்ச்சியாளர்கள் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்துக்கு வந்து நின்றுவிட்டது.

230 மணி நேரத்தில் வளர்ந்தது ஞாபகம் அல்ல, எண்களை ஞாபகம் வைக்கும் ஒரு வித்தை. பாவலர் விஷயமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் ஊகம். யாப்பு ரத்தத்தில் ஊறிய ஒருவரால் ஈற்றடியைப் பின்னணியில் ஓட விட்டுவிட்டுக் கல்லை எண்ண முடிந்திருக்கும். அதனால் அவர் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் முதுகில் கல்லெறிந்து பழக்கினால் பிள்ளை ஹோம்வொர்க் செய்துவிடும் என்பது அதிலிருந்து வராது.

கணினிப் பயிற்சியைக் குழந்தைகளிடம் முதலில் பெரிதாகச் சோதித்தவர்களில் ஒருவர் ஸ்டாக்ஹோமின் டார்க்கல் கிளிங்பெர்க். 2005-ல் வந்த அவர் குழுவின் ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 12 வயது வரையிலான 53 குழந்தைகள் இருந்தார்கள். முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது, அதை வைத்து வியாபாரமும் வளர்ந்தது. பிறகு பலரும் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஒரே மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. குழந்தை பயிற்சிக்குப் போகிறது என்று தெரிந்த பெற்றோர் மதிப்பிட்டால் முன்னேற்றம் இருக்கிறது. எந்தக் குழந்தை பயிற்சிக்குப் போனது என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டால் அந்த முன்னேற்றம் சுருங்கிக் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது.

நெற்றிப்பட்டை சமாச்சாரத்துக்கும் 2021-ல் ஒரு நேர்மையான சோதனை முடிவு வந்தது, அமெரிக்காவிலிருந்து. 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள், 38 அமர்வுகள் வரை. ஒரு பகுதியினருக்குத் திரை அவர்கள் மூளை அலைக்கு ஏற்ப நகர்ந்தது. மற்றவர்களுக்குத் திரையில் தெரிந்ததற்கும் அவர்கள் மூளைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அது யாருக்கும் தெரியாது. உண்மையான பயிற்சி, பொய்ப் பயிற்சியைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள், கணிசமாக. பொய்த் திரை பார்த்த பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும்? வாரத்துக்குச் சில முறை ஒரு பெரியவர் பொறுமையாக எதிரில் உட்கார்ந்தார். நல்லா பண்றே என்று உடனுக்குடன் சொன்னார். திட்டவில்லை. இது ஆய்வாளர்கள் சொன்ன காரணம் இல்லை, நான் சேர்த்துக்கொள்வது.

இத்தனையும் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் கதை. வாண்டின் வயதில் ஆய்வுகள் குறைவு. 2005-லேயே மைக்கேல் போஸ்னர் குழு 4 வயது, 6 வயதுக் குழந்தைகளுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. ஒரு கார்ட்டூன் பூனையைச் சேற்றில் விடாமல் புல்லுக்கு ஓட்டிப் போக வேண்டும். விண்வெளிப் பயணத்துக்குக் குரங்குகளைத் தயார் செய்ய உண்டான பயிற்சியிலிருந்து வந்த விளையாட்டு அது. (அக்காவிடம் இதைச் சொன்னபோது, "கரெக்டாதான் கண்டுபுடிச்சிருக்கானுங்க" என்றாள்.) ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. கிடையாது.

மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவானது. அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் போனோம். காலை ஏழரைக்கு டோக்கன், பதினொன்றரைக்கு அழைத்தார்கள். அந்த நாலு மணி நேரத்தில் வாண்டு பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து அந்தத் தளத்தையே சர்வே எடுத்துவிட்டான்.

டாக்டரம்மா முதலில் கேட்டது பிறந்த தேதி. ஜூலை கடைசி வாரம். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31 கணக்கு. ஆகவே வகுப்பிலேயே இளையவன் அவன். ஆகஸ்டில் பிறந்த அவன் பெஞ்சுக்காரன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். ஐந்து வயதில் ஒரு வயது என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பர் 31 கணக்கு. அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில், டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முத்திரை விழுவது ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகம். சிறிய பையனாக இருப்பதையே நோய் என்று குறித்துவிடும் ஆபத்து உண்டு. கோவையில் 770 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று வந்தது. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது 5 சதவீதத்தை ஒட்டி. கோவைக் காற்றில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்த வலையில் பிடிக்கிறோமோ அதற்கேற்ற மீன்.

"அதுக்காக ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். வீட்டில், வெளியில், பள்ளியில், எல்லா இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் இப்படி. அவன் வயதுக்கு மிக அதிகம். இருக்கிற மாதிரிதான் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். அதற்குள்?

"பயிற்சி உண்டும்மா. பையனுக்கு இல்ல. உங்களுக்கு."

அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வளர்ப்பு சரியில்லை என்று இன்னொருவரும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். மாமியார் சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, டைரியில் மிஸ் எழுதி, இப்போது டாக்டர். டாக்டருக்கும் இது புதிதல்ல போலிருக்கிறது, நிதானமாகச் சொன்னார். இது வளர்ப்பால் வந்த கோளாறு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 4, 5 வயதில் முதல் சிகிச்சை என்று சொல்வது பெற்றோருக்கான பயிற்சியைத்தான், மாத்திரை அதற்குப் பிறகு.

ஏன் பெற்றோர்? இதை நான் எனக்குப் புரிகிற மொழியில் வைத்துக்கொண்டேன். பிலிப் ஷா என்பவரின் குழு 2007-ல் வெளியிட்ட மூளைப் படங்களில், மூளை மேலுறையின் பாதிப் பகுதிகள் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்ற குழந்தைகளுக்கு ஏழரை, ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்குப் பத்தரை. வளர்ச்சி பழுதாகவில்லை, தாமதம். காத்திருக்கும், திட்டமிடும், 'இப்போது வேண்டாம்' என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் அந்த அதிகாரி இன்னும் வேலைக்குச் சேரவில்லை. சேரும் வரை அந்த நாற்காலியில் வெளியிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். வாரம் மூன்று முறை ஏசி அறையில் வரும் ஆளால் அது முடியாது. செருப்பு தொலைகிற இடத்தில், பால் கொட்டுகிற நேரத்தில் இருக்கிற ஆளால்தான் முடியும்.

தமிழில் 'கவனி' என்பது விசித்திரமான வினைச்சொல். டீச்சர் சொன்னால் கரும்பலகையைப் பார் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் "சம்பந்தியை நல்லா கவனிச்சாங்க" என்றால் இலை பார்த்துப் பரிமாறினார்கள் என்று அர்த்தம். தாலுகா ஆபீஸில் வேறு அர்த்தம். வாண்டு கவனிக்கவில்லை என்று பள்ளி எழுதுகிறது. இரண்டாவது அர்த்தத்தில் அந்த வினையைச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள்.

ஆறு வாரம், சனிக்கிழமைகளில் அக்கா போனாள். சொல்லிக் கொடுத்ததெல்லாம் கேட்கச் சாதாரணமானவை. மாடியிலிருந்து கத்தாதே. கிட்டே போ, தோளைத் தொடு, அவன் கண் உயரத்துக்கு உட்கார், ஒரே ஒரு வேலையைச் சொல். "போய் பல்லு வெளக்கி, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துட்டு வா" என்பது மூன்று கட்டளை. அவனிடம் முதலாவது மட்டும் போய்ச் சேரும், சில நாள் அதுவும் சேராது. செய்தால் அப்போதே சொல், என்ன செய்தான் என்று பெயர் சொல்லிச் சொல். 'குட் பாய்' போதாது, 'டம்ளரைக் கொண்டுவந்து சிங்க்ல போட்டியே' என்று சொல். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகலாம் என்ற லஞ்சம் அவனுக்கு அடுத்த நூற்றாண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்டிக்கர் அதைவிடப் பெரியது. தினமும் பதினைந்து நிமிடம் அவன் சொல்கிற விளையாட்டு, அதில் நீ கேள்வி கேட்கக் கூடாது, கற்றுக்கொடுக்கக் கூடாது.

கடைசிதான் அக்காவுக்குக் கொடுமை. கிண்டியில் ரயில் பிடித்து, தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவில் நசுங்கி, ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவள், போன் பார்க்காமல் பதினைந்து நிமிடம் ஒரு பிளாஸ்டிக் டைனோசராக இருக்க வேண்டும். மூன்றாவது நாளே, "எனக்குதாண்டா இது இருக்கு, என்னாலதான் பதினஞ்சு நிமிஷம் ஒரே எடத்துல உக்கார முடியல" என்றாள்.

மாமா விஷயம் இன்னும் வேடிக்கை. இரட்டையர் ஆய்வுகள் ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் வைக்கின்றன. மாமா பைக் சாவியைத் தொலைப்பவர், கேஸ் புக் பண்ண மறப்பவர், படம் பார்க்கும்போது எழுந்து நடப்பவர். வாண்டுக்காகப் படம் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டிய காலை அட்டவணையை (பல், குளியல், சட்டை, இட்லி, பை) முதலில் ஒழுங்காகப் பின்பற்ற ஆரம்பித்தவர் அவர்தான். இட்லிக்குக் கீழே யாரோ ஒரு சாவி படமும் வரைந்திருக்கிறார்கள்.

போன நவம்பரில் மழைக்காக மூன்று நாள் பள்ளி இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்து போன பிறகு முடிச்சூர்க்காரர்களால் மழையை ரசிக்க முடிவதில்லை. தெருமுனையில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். வாண்டு குடையோடு போய் நின்றான். குழாய் எங்கே உறிஞ்சுகிறது, எங்கே துப்புகிறது, சருகு அடைத்தால் சத்தம் எப்படி மாறுகிறது. முக்கால் மணி நேரம். ஆபரேட்டர் அண்ணன் டீ குடிக்கப் போன சமயம் சத்தம் மாறியதும் இவன்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறான். கவனக் குறைவு என்ற பெயர் முழுக்கச் சரியில்லை. அவனிடம் கவனம் இருக்கிறது. வேண்டிய இடத்துக்குத் திருப்பும் கைப்பிடிதான் இன்னும் இறுகவில்லை.

நின்றுகொண்டிருந்தான் என்று எழுதினேன், அதுவும் சரியில்லை. முக்கால் மணி நேரமும் குதித்துக்கொண்டேதான் இருந்தான். மார்க் ராப்போர்ட் என்ற ஃப்ளோரிடாக்காரரின் குழு 2015-ல் காட்டியது இது: ஏ.டி.எச்.டி. உள்ள பையன்கள் ஞாபகத்தைச் சோதிக்கும் வேலையில் அதிகம் ஆடி அசைந்தபோது நன்றாகச் செய்தார்கள், மற்றப் பையன்கள் அசைந்தபோது மோசமாகச் செய்தார்கள். கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார வைப்பதைத்தான் நம் வகுப்பறைகள் கவனம் என்று நம்புகின்றன. அப்படி உட்காரவே அவன் சக்தி முழுக்கச் செலவானால், பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

சட்டத்தின் பக்கம் கதை குழப்பமானது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் குழந்தைகளிடம் கண்டறிய வேண்டியவை என்று போட்ட பட்டியலில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. பெயர் இல்லை. ஆக, கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த பிறகு, இவனுக்கு இது தேவை என்று பள்ளியில் காட்ட ஒரு காகிதம் கிடைப்பது கஷ்டம். மிஸ்ஸின் மனசுதான் கதி.

வாண்டின் யு.கே.ஜி. மிஸ் நல்லவர். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். அக்கா போய்ப் பேசியதும், நோட்டு விநியோகிக்கிற வேலையையும் போர்டு துடைக்கிற வேலையையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார். எழுந்து நடக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. டைரிக் குறிப்புகள் வாரம் நாலிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கின்றன. பென்சில் எடுப்பது தொடர்கிறது. போன வாரம் ஒருவனைக் கடித்தும் விட்டான். ஆறு மாதத்துக்குப் பிறகான டாக்டர் சந்திப்பு ஏப்ரலில். பெயர் உறுதியாகலாம். பிற்பாடு மாத்திரை தேவைப்படலாம், ஆறு வயதுக்கு மேல் அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அந்த மருந்து போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலில் வருவதால் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்திருக்கிறோம். மையத்திலிருந்து இன்னமும் வாட்ஸ்அப் வருகிறது, பொங்கல் தள்ளுபடி 20 சதவீதம்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பு, புது மிஸ். அவரிடம் முதல் நாளே கொடுக்க அக்கா ஒரு பக்கம் எழுதி என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தாள். முன் வரிசையில் உட்கார வையுங்கள், ஜன்னல் பக்கம் வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். நின்றுகொண்டு எழுதினால் விட்டுவிடுங்கள். நாலாவதாக ஒன்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள்: மோட்டார் பற்றிக் கேட்டால் நிறைய சொல்லுவான், நேரம் இருக்கும்போது கேளுங்க மிஸ்.